தூக்க மாத்திரை தின்ற கத்தரிக்காய்

கெங்கேரி, பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

தீர்த்தரூப சமானமான குசுமக்காவுக்கு,

தம்பி சேஷகிரி பணிவுடன் நமஸ்கரித்து எழுதுவது. இங்கே எல்லாரும் க்ஷேமம். எல்லாரும் என்றால் நான்தான். தீர்த்தஹள்ளியில் நீயும் உன் முழங்காலும் சௌக்கியமாக இருக்க ராயரை வேண்டிக்கொள்கிறேன்.

அத்திம்பேர் காலமான பிறகு நீ பூட்டி வைத்திருக்கும் மாடி அறையை எனக்காக ஒழித்து வை. இந்த ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு உன்னோடேயே வந்துவிடுகிறேன். காரணம் கேட்டால் சிரிப்பாய். கத்தரிக்காய்.

என் வனஜா கண்ணை மூடிய பிறகு நான் வீட்டுக்குள்ளேயே கிடப்பதைப் பார்த்து அசோசியேஷன்காரர்கள் எனக்கொரு பொறுப்பு கொடுத்தார்கள் அல்லவா? ஊதுபத்திக் கம்பெனியில் ஆயுள் முழுக்க வாசனை பார்த்தவன் என்று என் மூக்கை நம்பிக் கழிவுநீரை ஒப்படைத்தார்கள். எல்லா வீட்டு அழுக்குத் தண்ணீரும் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கும் தொட்டிக்கு வரும், இயந்திரத்தில் புரண்டு தெளியும், மறுபடி கக்கூஸுக்கும் புல்தரைக்கும் போகும். அடியில் தங்கும் சேற்றைக் காயவைத்தால் எரு. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது அக்கா. நாற்றம் அடித்தால் யாராவது போன் செய்வார்கள். கனடாவிலிருந்து பிள்ளை ஞாயிறுதோறும் "சாப்டியாப்பா" என்று கேட்பதை விட்டால் எனக்கு வந்த போன் எல்லாம் அந்த நாற்றத்தால் வந்ததுதான். நாற்றமே இல்லாமல் ஒரு வாரம் போனபோது, இயந்திரம் ஓட்டும் மல்லப்பாவிடம், தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டே விட்டேன்.

"ஏன் சார், பேச ஆள் வேணும்னா என்கிட்ட பேசுங்க. அதுக்காக பில்டிங்கையே மூக்கப் பிடிக்க வெக்கணுமா?" என்றான்.

சும்மா இருக்க முடியாமல் அந்த எருவைப் போட்டு மதில் ஓரம் கத்தரி வைத்தேன். காய்த்தது பார், கை கொள்ளவில்லை. மசாலா அடைத்த எண்ணெகாய் வனஜா செய்வது போலவே எனக்கு இப்போது வருகிறது, ஆனால் ஒற்றை ஆளுக்கு ரெண்டு காய் போதும். மிச்சத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அடடே, உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்" என்று எல்லாரும் முகம் மலர வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் மல்லப்பா கூப்பிட்டுக் காட்டினான். ஈரக்குப்பை டிரம் நிறைய என் கத்தரிக்காய், காம்பு கூடக் கிள்ளாமல். அந்தக் குப்பை மக்கி என் செடிக்கே எருவாக வந்து மறுபடி கத்தரிக்காயாகக் காய்த்தது. இந்தக் கட்டடத்திலிருந்து போய் ஒழுங்காகத் திரும்பி வருவது அது ஒன்றுதான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சுத்தமானது என்று நிரூபித்துவிட்டால் சாப்பிடுவார்கள் இல்லையா? தெளிந்த தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஸ்பூர்த்தி என்ற பெண் போன் செய்தாள்.

"சார், கிருமி பிரச்சினை இல்ல. ஆனா மாத்திரை இருக்கு."

"என்னம்மா மாத்திரை?"

"முழுங்கறதெல்லாம் ஒடம்புல நிக்கறதில்ல சார், கொஞ்சம் வெளிய வந்துடும். உங்க மெஷினுக்கு அழுக்கத்தான் பிடிக்கத் தெரியும், மருந்த பிடிக்கத் தெரியாது. பிரஷர், சுகர் மாத்திரை எல்லா எடத்துலயும் வருது. உங்களதுல தூக்க மாத்திரைதான் எக்கச்சக்கம். அது அபார்ட்மென்ட்தானே சார்?"

நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கூட்டத்தில் சொல்லித் தொலைத்தேன். தலைவி வாரிஜா ஹெக்டே, பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், எழுந்து நின்றார். "யார் வீட்ல போடறீங்களோ கொஞ்சம் கை தூக்குங்க. அவமானப்படுத்த இல்ல, தண்ணிக்காக கேக்கறேன்." ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வனஜா போனதிலிருந்து நானும் அரை மாத்திரை போடுகிறவன், உனக்குச் சொன்னதில்லை. என் கை தொடைக்கு அடியில் இருந்தது. முடிவில் கத்தரிச் செடியைப் பிடுங்குவது என்றும், சேஷகிரி சார் இனி ஓய்வெடுக்கட்டும் என்றும் தீர்மானமாயிற்று.

அதற்குப் பிறகுதான் கதவு தட்ட ஆரம்பித்தார்கள். முதலில் இன்ஸ்பெக்டராக இருந்த பொம்மையா. ஊரையே கதிகலங்க வைத்தவர், குரலைத் தாழ்த்தி, "சார், அது என்னோட மாத்திரை. ரிட்டயரானதுல இருந்து போடறேன். கேஸ் ஏதும் ஆயிடாதே?" என்றார். அடுத்து மொட்டை மாடியில் 'நிம்மதியான உறக்கம்' என்று யோகா வகுப்பு நடத்தும் தீரஜ். அதன் பிறகு தினம் ஒருவர். ஒவ்வொருவரும் தன் ஒரு மாத்திரைதான் ஒரு கட்டடத்துத் தண்ணீரையே கெடுத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். எல்லாருக்கும் காபி போட்டேன். நின்றபடியே குடித்தார்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள், போய்விட்டார்கள். மறுநாள் லிஃப்டில் என்னைக் கண்டால் மாடி எண்ணைப் பார்க்கிறார்கள். முன்பு என்னைத் தெரியாது, இப்போது தெரிந்தும் தெரியாது.

சுவருக்குச் சுவர் ஒருத்தர் தூங்காமல் கிடக்கிறார் அக்கா, அது எனக்கு மட்டும் தெரியும். தனியாக இருப்பது பழகிப்போயிற்று. இதைத் தனியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் வருகிறேன். அறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டால் போதும். சமையல் நான் செய்கிறேன், கத்தரிக்காய் செய்ய மாட்டேன்.

உன் மருமகளுக்கு என் ஆசீர்வாதம். உன் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி சேஷகிரி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், மணி அடித்தது. ஹெக்டே அம்மா. உள்ளே வந்து, கூட்டத்தில் நின்றது போலவே நிமிர்ந்து நின்று, "அந்த மாத்திரை என்னோடது சார்" என்றார். வழக்கம் போல் சத்தியம் செய்ய வாயைத் திறந்தவன், "நானும் அரை போடறேம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். இந்த வீட்டு சோபாவில் ஒருவர் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று. "நான் முழுசு போட்டும் வரமாட்டேங்குது சார்" என்றார். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் பார்த்து, "என்ன வாசனை? அந்தக் கத்தரிக்காயா?" என்றார்.

"செடியப் புடுங்கும்போது இருந்த கடைசி நாலஞ்சு காய்மா."

"நானும் குப்பைல போட்டவதான். ஒண்ணு வையுங்க பாப்போம். நம்ம மாத்திரைதானே."

ரொட்டியோடு வைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்பூர்த்தியிடமிருந்து போன். பாவம், அழாத குறை. "சாரி சார், பாட்டில் மாறிப்போச்சு. நான் சொன்ன ரிசல்ட் ஒரு நர்சிங் ஹோமோடது. உங்க பாட்டில் தொறக்காம ஃப்ரிட்ஜ்லயே இருக்கு. இன்னிக்கே டெஸ்ட் போட்டுடட்டுமா?"

ஹெக்டே அம்மா தட்டை நீட்டி, இன்னொன்று என்று கையால் காட்டினார்.

"அவசரமே இல்லம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.

மாடி அறையை ஒழிக்காதே அக்கா.