மச்சான் இல்லாத ஞானஸ்நானப் படம்

திண்டுக்கல்,
வியாழன்.

அன்புத் தம்பி அமலனுக்கு அண்ணன் சூசைமுத்து எழுதுவது. உன் மதினி பிரிஸ்கில்லாவும் மணப்பெண்ணாகிவிட்ட நம் மகள் ஐரினும் நலம். நான்தான் நேற்றிலிருந்து கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் மதினி காதில் விழும், மெசேஜ் போட்டால் தவறிப்போய்க் குடும்பக் குரூப்பில் விழும். அதனால்தான் கூரியர்.

விஷயம் நத்தத்துப் புளி வியாபாரி, என் மச்சான் செபஸ்தியானைப் பற்றியது. ஐரின் சின்னப்பிள்ளையாகக் கோயிலில் புதுநன்மை வாங்கிய அன்று, விருந்தில் பந்தி நடுவே நின்று, "தொட்டுக்க வெஞ்சனம் கம்மியா இருக்கே மாப்ளே, வாத்தியார் சம்பளத்துக்கு இம்புட்டுத்தானா" என்று கேட்டவர். நீயும் சிரித்தாய், மறக்கவில்லை. போன மாதம் நீ கம்ப்யூட்டரில் அந்தப் படமென்பொருளை ஏற்றிக்கொடுத்ததும், ஐரினின் ஞானஸ்நானப் படத்தைத் திறந்து, ஞானத்தந்தையாக அவளைத் தூக்கி நிற்கும் மச்சானை அழித்தேன். இரண்டு கைகளை மட்டும் விட்டுவைத்தேன், இல்லாவிட்டால் பிள்ளை விழுந்துவிடுவாள் போலிருந்தது. சேமித்தும் விட்டேன். காகிதப் படத்தைக் கரையான் தின்று வருஷமாகிறது. நேற்று மச்சான் போன் செய்து, செவ்வாய்க்கிழமை கல்யாணப் பந்தலில் படம் காட்டத் திரை கட்டுகிறீர்களாமே என்றார். "நான் புள்ளையத் தூக்கி நிக்கிற படத்தைப் பெருசாப் போடுங்க மாப்ளே. அதைக் கண்குளிரப் பாத்துட்டுத்தான் மறுநாள் மாலை போடுவேன்." தாய்மாமன் மாலை போடாமல் பெண் கோயிலுக்குப் புறப்படுவது நம் குடும்பத்தில் உண்டா? திரையில் தன் கைகளை மட்டும் பார்த்தால் அந்த மனுஷன் மாலையோடு நத்தம் பஸ் ஏறிவிடுவார், கல்யாணம் நின்றுபோகும், உன் மதினி என்னை உயிரோடு விடமாட்டாள். இந்த மென்பொருள் அசல் கோப்பைத் தொடாது, திருத்தத்தைத் தனியாகக் குறித்துவைத்து மேலே போட்டுக் காட்டும் என்று நீ சொன்னாய். நீ சொல்லி வாங்கிய இன்வெர்ட்டர் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். 'அசலுக்குத் திரும்பு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அந்தக் கைகளும் போய்விடுமோ என்று தொடாமல் வைத்திருக்கிறேன். லீவு போட்டு உடனே வா.

உன் மனைவி மக்களுக்கு ஆசீர். ஆண்டவர் உன்னைக் காப்பாராக, நீ வந்து என்னைக் காப்பாயாக.

அண்ணன்,
சூசைமுத்து.

பி.கு: நீ வரவேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டேன். மச்சான் தொப்பையோடும் சிரிப்போடும் முழுசாக வந்துவிட்டார். திரைக்காரருக்குப் படம் போயாயிற்று. பிறகு செத்த நேரம் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், பொறுக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் மறுபடியும் அழித்துவிட்டேன். அசல்தான் உள்ளே பத்திரமாக இருக்கிறதே, இனி என்ன பயம்? இப்போது உன் கல்யாணப் படத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். அதிலும் நீ சிரித்துக்கொண்டுதான் நிற்கிறாய்.