உரிமைக்காரிக்கே அனுமதி இல்லாத நாற்காலி சாக்ஸ் கடை

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

இங்கே நான், என் மகன், உங்கள் மகள், நம் பேத்தி எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்கால், சம்பந்தி ஐயாவின் காது, மாடிக் குழாயின் ஒழுகல் மூன்றும் போன தடவை நீங்கள் எழுதியதைவிடத் தேவலை என்று நம்புகிறேன். மேலாளராக இருக்கும் உங்கள் தம்பிக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. ஆகையால் இருந்த படிப்பு முழுவதையும் முடித்தவள் என்றும் சொல்லலாம். இந்தக் கடிதத்தில் எங்காவது பிழை தென்பட்டால் அது பேனாவின் பிழை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்றுவிட்டோம். கடை திறக்கவில்லை. உங்கள் தம்பியின் இன்சூரன்ஸ் ஆபீசில் நம் பேத்திக்காக வைத்திருக்கும் நாற்காலியை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று தாங்கள் தயவுசெய்து சொல்லி வைக்கவும். சம்பளமில்லாத விடுப்பு முடிந்து திங்கட்கிழமை அவள் வந்துவிடுவாள். விடுப்புக்குள் கடை திறந்தால் கடை, திறக்காவிட்டால் மறுபடி ஆபீஸ் என்று அவளுடைய அப்பாவுக்கும் அவளுக்கும் பேச்சு. அதற்கு நான்தான் சாட்சி. கடை ஓடியிருந்தால் ‘என் பேத்தி’ என்று எழுதியிருப்பேன். ‘நம் பேத்தி’ என்று எழுதும்போதே தங்களுக்குப் புரிந்திருக்கும்.

எப்படித் தோற்றோம் என்று எழுதாவிட்டால் தாங்களே ஏதாவது நினைத்துக்கொள்வீர்கள், அதனால் எழுதுகிறேன். கடையில் விற்பது நாற்காலிக் காலுக்குப் போடுகிற சாக்ஸ். நாற்காலிக்கு எதற்கு சாக்ஸ், அதற்கென்ன குளிரா என்று நீங்கள் போனில் கேட்டது எனக்கு நினைவில் இருக்கிறது. நான் மறக்கிற ஆள் இல்லை. தரை கீறாமல் இருக்கவும், நாற்காலியை இழுக்கும்போது கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் மேல்கூரையை இடிக்காமல் இருக்கவும்தான் சாக்ஸ். யோசனை பேத்தியுடையது, பின்னல் என்னுடையது. நாலு பின்னினால் நாலாவது எப்போதும் கொஞ்சம் சின்னதாக வந்துவிடுகிறது, ஏன் என்று எனக்கே தெரியவில்லை. யாராவது கேட்டால், எந்த நாற்காலிக்கு அம்மா நாலு காலும் ஒரே அளவு என்று திருப்பிக் கேட்டுவிடலாம் என்று வைத்திருக்கிறேன். இது வியாபார ரகசியம், நமக்குள் இருக்கட்டும்.

விடுப்பில் இருக்கிறவள் தன் பேரில் வியாபாரம் செய்யக் கூடாது என்று ஆபீசில் சட்டமாம். ஆகவே கடை என் பேரில். இணையக் கடை என்றால் தெருவில் இருக்கிற கடை இல்லை. ஒரு கம்பெனி எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் நமக்கு இடம் வாடகைக்கு விடும். அதற்குள் ஃபோல்டர் ஃபோல்டராக இருக்கும், ஃபோல்டர் என்றால் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறைக்கும் மூணு வகை ஆள். உரிமைக்காரர், வீட்டாள், வெளியாள். ஒவ்வொருத்தருக்கும் மூணு பர்மிஷன் தனித்தனியாகக் கொடுக்கலாம், பிடுங்கலாம். பார்க்கிறது, வைக்கிறது, உள்ளே நுழைகிறது. பேத்தி இதை எனக்குக் கட்டம் போட்டு விளக்க வந்தாள். கட்டமெல்லாம் வேண்டாம் என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீரோ சாவி வைத்திருக்கிறவளுக்கு இதில் புதுசாக என்ன இருக்கிறது? உங்கள் மகளுக்கு என் பீரோவைத் திறக்கிற பர்மிஷன் உண்டு, வைக்கிற பர்மிஷன் உண்டு, இடம் மாற்றி அடுக்குகிற பர்மிஷன் கிடையாது. என் மகனுக்குப் பார்க்கிற பர்மிஷன் மட்டும் உண்டு. பார்த்தாலும் அவன் கண்ணில் ஒன்றும் படாது என்பதால் தாராளமாகக் கொடுத்திருக்கிறேன்.

கடைக்கு எல்லாம் தயார், சாக்ஸைப் படம் பிடித்து உள்ளே வைக்கவேண்டியதுதான் பாக்கி. வைத்தால், படம் வைக்கிற அறையே இல்லை என்று சொல்லிவிட்டது. வாடகைக் கம்பெனிக்குப் போன் போட்டோம். உரிமையாளரிடம்தான் பேசுவோம் என்றார்கள். ஆக நான் பேசினேன். அந்தப் பக்கம் எப்போதும் ஒரே ஆள்தான் எடுப்பார். இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் “லைன்லயே இருங்கம்மா” என்பார், அதனால் இந்த வீட்டில் அவருக்கு லைன்லயே என்றே பேர். நல்ல மாதிரியான மனுஷர். அறைதானே, நானே செய்து தருகிறேன் என்று அங்கிருந்தபடியே ஓர் அறை செய்து கொடுத்தார். நன்றாக இருப்பா என்று வாழ்த்தினேன். கொடுத்த வாழ்த்தைத் திரும்ப வாங்க வழி இருந்தால் எழுதவும்.

ஏனென்றால் அன்றைக்கிலிருந்து அந்த அறை ஒரே பாட்டுத்தான் பாடியது. ‘இந்த ஃபோல்டரில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லை.’ பச்சை சாக்ஸ் வைத்தோம், அனுமதி இல்லை. கோடு போட்டது வைத்தோம், அனுமதி இல்லை. அனுமதியை மாற்றலாம் என்று போனால், மாற்றவும் அனுமதி இல்லை. பேத்தி இணையத்தில் தேடித் தேடிப் பார்த்ததில், எவனோ ஒரு புண்ணியவான் எல்லோருக்கும் எல்லா பர்மிஷனும் கொடுத்துவிடு, மூணு வகை ஆளுக்கும் ஆளுக்கொரு ஏழாக ஏழு ஏழு ஏழு என்று போடு, சரியாகிவிடும் என்று எழுதியிருந்தானாம். போட்டாள். படம் வைக்கிற அறைதான் மாற்றவிடவில்லையே, அதனால் எல்லா அறைக்கும் பொதுவாக இருக்கிற கடையின் கூடத்துக்கே போட்டுவிட்டாள். போட்ட கையோடு கடை வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. பேர் இல்லை, விலை இல்லை, ஒன்றும் இல்லை. லைன்லயேவைக் கேட்டால், வீட்டை ஊருக்கே திறந்துவிட்டால் எங்கள் கம்ப்யூட்டர் பயந்துபோய் கடையை இழுத்து மூடிவிடும் அம்மா, பாதுகாப்புக்கு, என்கிறார்.

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் மகன் வேலை முடிந்து வந்துவிட்டான். அவனுக்கு பேங்க்கில் லாக்கர் அறையில் வேலை என்பது தங்களுக்குத் தெரியும். இரண்டு சாவி இல்லாமல் உலகத்தில் எதுவும் திறக்கக் கூடாது என்பது அவன் கொள்கை. வெளியாளுக்கு எல்லா அனுமதியும் கொடுத்திருப்பதைத் திரையில் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. நாங்கள் சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒவ்வொரு கட்டத்திலும் இருந்த டிக்கை எல்லாம் எடுத்துவிட்டான். வெளியாளுக்கு மட்டும் இல்லை, வீட்டாளுக்கும், உரிமைக்காரிக்கும். இப்போது கடையைத் திறந்தால் நடு நெற்றியில் ‘நுழைய அனுமதி இல்லை’ என்று வருகிறது. என் பேரில் இருக்கிற கடையில் என்னைப் பார்த்து. நான் எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறேன், ஒரு வாசலும் என்னிடம் இப்படிப் பேசினதில்லை. இப்போதுதான் பாதுகாப்பாக இருக்கிறது என்கிறான் இவன். உங்கள் மகள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, “ஆமாங்க, கிணத்தை மூடி அதுமேல வீடு கட்டின மாதிரி, ரொம்பப் பாதுகாப்பு” என்றாள். பேச்சில் உங்களைக் கொண்டிருக்கிறாள், குறையாகச் சொல்லவில்லை.

மறுநாள் நான் பல்லுக்குக் காட்டப் போயிருந்த நேரம் பார்த்து, உங்கள் மகள் என் குரலிலேயே லைன்லயேவிடம் பேசிப் பார்த்திருக்கிறாள். வயசான மாதிரி இருக்கட்டும் என்று நடுநடுவே இருமியிருக்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மா, உரிமையாளர் அம்மா இருமமாட்டாங்க. திட்டுவாங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். எனக்கு அந்த ஆள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. நான் வந்து முறைப்படி திட்டினேன், கூடத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தார். கடை தெரிந்தது. படம் மட்டும் ஏறவில்லை. இப்படியே திட்டுவதும் காத்திருப்பதுமாக நாள் ஓடிவிட்டது.

இன்றைக்குச் சனிக்கிழமை மத்தியானம்தான் நோய் எதுவென்று தெரிந்தது. அவர் வழக்கம்போல லைனில் இருக்கச் சொல்லிவிட்டு எங்கோ போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குரலே சரியில்லை.

“அம்மா, அந்தப் படம் வைக்கிற அறை உங்க பேர்ல இல்லைம்மா.”

“பின்னே யார் பேர்லப்பா இருக்கு?”

“எங்க பேர்ல. நான் செஞ்சு கொடுத்தேன் இல்லையா, செஞ்சவங்க பேர்லயே பதிவாயிடுச்சு.”

“கொத்தனார் சுவர் எழுப்பினா வீடு கொத்தனாருக்காப்பா?”

“நியாயந்தாம்மா. ஆனா பேர் மாத்தணும்னா மேலதிகாரி கையெழுத்து போடணும். ரெண்டு வேலை நாள் ஆகும்.”

அவர்களுக்குச் சனி, ஞாயிறு வேலை நாள் இல்லையாம். அப்படியென்றால் நீ இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். “லைன்லயே இருங்கம்மா” என்றார். ஆகச் செவ்வாய்க்கிழமை. பேத்தியின் கணக்கோ திங்கட்கிழமையோடு சரி. அவளுடைய அப்பாவிடம் ஒரு நாள் பொறுக்கக் கூடாதா என்று கேட்டேன். பேச்சு பேச்சுதான் அம்மா, நீதானே சாட்சி என்கிறான். பேங்க்காரன்.

அந்தக் குழந்தை, பின்னி வைத்த சாக்ஸையெல்லாம் நாலு நாலாக ரப்பர் போட்டு அட்டைப் பெட்டியில் அடுக்கி மேஜைக்கு அடியில் காலால் தள்ளினாள். “பரவாயில்லை பாட்டி, நீ நிறைய திட்டிப் பார்த்துட்ட” என்று என் தோளைத் தட்டிவிட்டு, ஆபீசுக்குப் போடுகிற சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். ஒரே கையைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் தம்பி நல்லவர். அதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் நமக்குள் இருக்கட்டும், அவர் வேலை செய்கிறவர்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நின்றுகொண்டு ஆப்பிள் தின்பாராமே. திட்டவும் மாட்டாராம், போகவும் மாட்டாராம், தின்பாராம். தின்று முடித்ததும் “ம்” என்று ஒன்று சொல்லிவிட்டுப் போவாராம். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று ஆபீஸ் முழுக்க ராத்தூக்கம் இல்லாமல் யோசிக்குமாம். இந்த வீட்டில் யாராவது முதுகுப் பக்கம் எதையாவது மென்றால் நம் பேத்திக்கு இப்போதும் தட்டச்சு செய்கிற கை நின்றுவிடுகிறது. திங்கட்கிழமையிலிருந்து ஒரு பக்கமாக நின்று தின்னும்படி, நான் சொன்னதாக இல்லாமல், நீங்களாகச் சொல்வது போல் சொல்லிப் பாருங்கள். சின்ன வயசில் நீங்கள் அவரை முன்னால் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டிருந்தால் இந்தப் பழக்கம் வந்திருக்காது என்று என் மகன் சொல்கிறான். நான் சொல்லவில்லை.

தபால் திங்கட்கிழமைக்குள் வந்து சேராது என்பதால், பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உங்கள் போனுக்கே அனுப்பிவிடுகிறேன். கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வரி போடவும். சம்பந்தி ஐயாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் மாடிப்படி ஏறவும், குழாய் சொட்டாமல் இருக்கவும், நம் இரண்டு வீட்டுப் பேச்சும் எப்போதும்போல் இனிப்பாக இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
கடை உரிமையாளர்.

பி.கு.: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். படம் பிடித்து அனுப்பிவிட்டு, கிடைத்தது என்று நீங்கள் வரி போடுவீர்கள் என்று உட்கார்ந்திருந்தேன். உள்ளறையிலிருந்து பேத்தி கூப்பிட்டாள். போனேன். கடையின் முகப்பில் என் கையெழுத்து. பக்கம் ஒன்றிலிருந்து கடைசி வரைக்கும், அடித்தல் திருத்தலோடு. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் சாக்ஸின் பேர், விலை, ‘கூடையில் சேர்’ என்று பொத்தான். லைன்லயேவின் மேலதிகாரி சனிக்கிழமையும் வருகிற ரகமாம், கையெழுத்துப் போட்டுவிட்டாராம். அதைச் சொல்ல லைன்லயே போன் போட்டிருக்கிறார், நான் எழுத்து மும்முரத்தில் எடுக்கவில்லை. போனில் படம் எடுக்க எனக்குத் தெரிந்த பொத்தான் ஒன்றுதான். அது சாக்ஸ் படத்தை நேரே கடைக்குள் வைக்கிற பொத்தான். இத்தனை நாளாக எதையும் ஏற்காத அறை முதல்முதலில் ஏற்றுக்கொண்ட சரக்கு இந்தக் கடிதம்.

நாலாவது சாக்ஸ் சின்னதாக இருந்தால் பரவாயில்லை, என் நாற்காலியும் அப்படித்தான் என்று ஒரு அம்மா எழுதிவிட்டு சாக்ஸ் வாங்கியிருக்கிறார். கடிதம் வேறு நிறத்தில் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பேர் போடாமல் ‘ஆப்பிள் விஷயம் உண்மை’ என்று வரிசையாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். கடை திறக்கும்போது வந்து பாருங்கள் என்று கடை முகவரியை ஆபீசில் எல்லோரிடமும் கொடுத்துவிட்டுத்தான் என் பேத்தி விடுப்பில் வந்தாளாம். பெட்டியை மேஜைக்கு அடியிலிருந்து இழுத்து வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து சாக்ஸ் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். என் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு பொட்டலத்துக்குக் கயிறு வெட்டிக் கொடுக்கிறான். ஆகவே அந்த நாற்காலியை உங்கள் தம்பி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவராகவே கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

முதலில் கடிதத்தை எடு என்று சொன்னேன். உரிமையாளர் என்ற முறையில் உத்தரவாகவே சொன்னேன். எடுக்க முடியவில்லை. கடை வழியாக உள்ளே போன படம் கடையின் பேரில் பதிவாகிவிட்டதாம், என் பேரில் இல்லையாம். லைன்லயேவைக் கூப்பிட்டேன். வைக்க அனுமதி கொடுத்தாச்சும்மா, எடுக்கறதுக்குத் தனியா எழுதிப் போடணும், ரெண்டு வேலை நாள் என்கிறார். அந்த மேலதிகாரி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம்.

ஆகையால் தாங்கள் செவ்வாய்க்கிழமை வரை தயவுசெய்து எங்கள் கடைப் பக்கத்தைத் திறக்க வேண்டாம், தங்கள் தம்பியையும் திறக்க விடவேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். போனில் படம் எடுப்பதை நான் விட்டுவிட்டதால் கடிதத்தை இந்தப் பின்குறிப்போடு தபாலில் போடுகிறேன். புதன்கிழமை தங்கள் கைக்குக் கிடைக்கும்.