பலாமரக் கதவும் என் இடது காலும்

இந்த மலையகத்தில் ஒரு கதவுக்கு ரயில் டிக்கெட் எடுத்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் கதவுக்காரர். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கொட்டகலைப் பக்கம் இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய பங்களாவிலிருந்து பலாமரக் கதவொன்றை வாங்கினார். ரயிலில் கார்டு வந்து, "இது என்னாங்க?" என்று அதட்ட, "டிக்கெட் இருக்குங்க" என்று இரண்டை நீட்டியிருக்கிறார். வட்டகொடையில் இறங்கி, முதுகில் சுமந்து, ஏழு இடத்தில் இளைப்பாறி வந்து சேர்ந்தார்.

கதவு வாசலைவிட ஒரு சாண் உயரம். கதவை அறுக்கலாம் என்றார் ஆசாரி. இவர் சுவரை இடித்தார். சேதி கேட்டு தோட்டத்துத் துரையே ஜீப்பில் வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு சுவரை ஒடைச்ச?"

"லயம் தோட்டத்துதுங்க, தொரை. காம்பரா தோட்டத்துது. நிக்கிற மண்ணும் தோட்டத்துது. இந்தக் கதவு மட்டும் என்னுதுங்க."

துரை திரும்பி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்று முதல் ஒரு சட்டம் வந்தது. யார் வந்தாலும் தட்ட வேண்டும். கதவு அகலத் திறந்திருந்தாலும், அவர் எதிரிலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாலும் தட்ட வேண்டும். கிராம சேவகர் மறந்துபோய் உள்ளே காலை வைத்தபோது, "மாத்தயா, தட்டு கரன்ன!" என்று சிங்களத்தில் சொல்லி வெளியே அனுப்பி, தட்ட வைத்து, பிறகு பிஸ்கட் கொடுத்து உபசரித்தார்.

நான் பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில் குடியிருந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கேலிக்கு நான்தான் தலைவர். "கதவு சாப்பிட்டுச்சா அண்ணே?" என்று தினமும் கேட்பேன். "உங்களுக்கு வெளங்காது மாஸ்டர்" என்பார், கோபமே இல்லாமல்.

புயல் வந்த வாரம் மழை விடவே இல்லை. ஒருநாள் காலை லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடித்தது. "வெளிய வாங்க! மண்ணு சரியுது!" என்று கத்திக்கொண்டு எல்லோரும் மேலே பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். ஒருத்தர் கேஸ் சிலிண்டரைத் தூக்கினார். ஒருத்தி கோழியைத் தூக்கினாள். கதவுக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"அண்ணே, உசுரு முக்கியமா, கதவு முக்கியமா?" என்று கத்தினேன்.

"நாலு ஸ்க்ரூதான் மாஸ்டர், நீங்க போங்க!"

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். ஒரு பச்சைக் கதவுக்கு இரண்டு கால் முளைத்து மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்தேன். இடது கால் மடக்கென்று முறிந்தது. பின்னாலேயே லயத்தின் பாதி மண்ணுக்குள் போனது.

பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தூக்கி வந்தார்கள். டிஸ்பென்சரி ஐயா காலைப் பார்த்து, துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார். எலும்பு வெளியே தெரிந்தது. "இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இல்லாட்டி கால எடுக்க வேண்டி வரும்" என்றார். பாதை ஆற்றோடு போய்விட்டது. ஸ்ட்ரெச்சர் டிஸ்பென்சரியோடு மண்ணுக்கடியில். வாங்கு, பெஞ்சு எல்லாம் சின்னப்பிள்ளைகள் உட்காருவது, நான் ஆறடி.

வகுப்பறை மூலையில் கதவுக்காரர் கதவைச் சாத்தி வைத்து, அதற்குப் பின்னால் குடியேறியிருந்தார். அங்கேயும் இரண்டு பேரைத் தட்ட வைத்தாயிற்று. எல்லோருடைய கண்ணும் கதவுமேல் போனது. அவரே எழுந்து, இடுப்புச் சாரத்தின் நுனியால் கதவைத் துடைத்து, என் பக்கத்தில் படுக்கப் போட்டார்.

"தட்ட வேணாம் மாஸ்டர். ஏறுங்க."

ரயில் ஓடாத தண்டவாளத்தில் என்னைச் சுமந்து போனார்கள். வழியில், மரக்கறித் தோட்டத்துச் சிங்களப் பையன்கள் நாலு பேர் "மெஹாட தென்ன, மெஹாட தென்ன" என்று கேட்டு வாங்கித் தோள் கொடுத்தார்கள். கதவுக்காரர் ஒரு குடையோடு கூடவே ஓடி வந்தார். வலியிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பெயின்ட் நனையுதாண்ணே?" என்றேன். "பேசாமப் படுங்க" என்றார். அப்புறம்தான் பார்த்தேன். குடை என் கால் கட்டுக்கு மேலே இருந்தது. அவரும் நனைந்தார், கதவும் நனைந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வட்டகொடை ஸ்டேஷனில் ஒரு ஜீப் கிடைத்தது. கதவோடு சேர்த்தே என்னை ஏற்றினார்கள்.

கால் தப்பியது. பஸ் ஓட ஆரம்பித்த அன்றே அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காலை விசாரித்தார். சாப்பாட்டை விசாரித்தார். பக்கத்துக் கட்டில்காரரின் சர்க்கரையை விசாரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கதவ கேக்க மாட்டீங்களா?"

"கேக்கலாமா மாஸ்டர்?"

"கட்டிலுக்கு அடியிலதாண்ணே இருக்கு." நர்ஸம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடிக் காப்பாற்றி வைத்திருந்தேன். குனிந்து பார்த்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

லயம் இருந்த இடத்தில் இப்போது சிவப்பு மண்தான். வீடு கட்டக் காணி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் தரவில்லை. பள்ளிக்கூட மைதானத்துக் கூடாரமொன்றில் கதவுக்காரர் இருக்கிறார். கூடாரத்துக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டு கதவை மாட்டியிருக்கிறார். பக்கத்தில் சுவர் கிடையாது. இரண்டு எட்டு சுற்றிப் போனால் உள்ளே போய்விடலாம்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். போய்த் தட்டுவேன்.

"யாரு?"

"மாஸ்டர்தாண்ணே."

"இருங்க, சாவியக் காணோம். தேடி எடுத்துட்டு வாரேன்."

நான் நின்றுகொண்டிருப்பேன். அவர் கொடுத்த கால்தானே, நிற்கட்டும்.