வெள்ளிமலைக்குப் போகும் இடுப்பு மிஷின்

அன்புள்ள மச்சான் இளவரசனுக்கு,

கச்சிராயபாளையத்திலிருந்து தனசேகரன் எழுதிக்கொண்டது. நான், உன் அக்கா, மகள் மணிமொழி, அவள் இடுப்பில் இருக்கும் இன்சுலின் பம்ப் ஆகிய நால்வரும் நலம். அங்கேயும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

விஷயம் அவசரம். மலைமேல், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் மணிமொழிக்கு டீச்சர் வேலை வந்திருக்கிறது. போயே தீருவேன் என்கிறாள். நீ உடனே வந்து தடுக்க வேண்டும். ஊசிக்குப் பதிலாக அந்தக் குட்டி மிஷின் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றுகிறது, சரிதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு கீழேயே நாங்கள் படும் பாடு போதாதா? டவுன் பஸ்ஸில் அது கீகீ என்று கத்த, கண்டக்டர் வெடிகுண்டோ என்று பயந்து வண்டியை நிறுத்தி எல்லோர் பையையும் சோதனை போட்டுவிட்டார். அதைவிட ஆயுத பூசையன்று நடந்ததைக் கேள். குளிப்பதற்காக அவள் கழற்றி வைத்த பம்பை உன் அக்கா எடுத்துப்போய் டிராக்டர், மோட்டார், மண்வெட்டி வரிசையில் வைத்து, சந்தனம் பூசி, திரை மேலேயே குங்குமமும் வைத்துவிட்டாள்.

"எம் பொண்ணு உசுரக் காப்பாத்தற மிஷினு. இதுக்குப் பொட்டு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?" என்கிறாள். மணிமொழி வந்து கேட்டபோது, தீபாராதனை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று தடுத்தது நான்தான். நல்ல நேரம் வரக் காத்திருந்து பூசணிக்காய் உடைப்பதற்குள் அவளுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளோ சோதித்துப் பார்த்து, தானே ஊசி போட்டுக்கொண்டு, "இன்னாப்பா, இதுக்குப் போயி அழுதுகினு இருக்கியே?" என்றாள். அழுதேன்தான் மச்சான். ஒரே பெண். மலைமேல் ஏதாவது ஒன்று ஆனால் அவளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? நீ சொன்னால் கேட்பாள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

உன் மாமா,
தனசேகரன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுமுன், மலையைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். கொண்டை ஊசி வளைவில் மயங்கிச் சாய்ந்தது நான். முகத்தில் தண்ணீர் தெளித்து, என் விரலிலும் குத்திச் சர்க்கரை பார்த்து, தோளில் சாய்த்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள். "மேல என்னப் பாத்துக்க ஆளு இல்லன்னியே, கீழ ஒன்ன யாருப்பா பாத்துக்குவாங்க?" என்று கேட்டாள். அன்றே வேலையில் சேர்ந்துவிட்டாள். ஆகவே தடுக்க வராதே. இன்சுலின் வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜை மேலே ஏற்ற வேண்டும், அதற்கு வா. உன் அக்கா அதற்குப் பொட்டு வைத்துத் தயாராக நிறுத்தியிருக்கிறாள்.