இடுக்கு சாரும் எக்ஸ்ரே அறையும்

காஞ்சிபுரத்துக் கோயில்களில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல், மதில் கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குனிந்து பார்த்துவிட்டு வருகிற ஒரே பக்தர் எங்கள் மாடியில் குடியிருப்பவர்தான். தெருவே அவரை இடுக்கு சார் என்றுதான் கூப்பிடும்.

கடலோர அணுமின் நிலையம் ஒன்றில், உலையைச் சுற்றியுள்ள காப்புச் சுவரில் கதிர்வீச்சு கசிகிறதா என்று பார்த்தே ஓய்வு பெற்றவர். தடித்த கான்கிரீட்டை அது தாண்டாதாம். குழாயும் கேபிளும் நுழைகிற ஓட்டையில் இடுக்கு இருந்தால் அதன் வழியே வந்துவிடுமாம். அதனால் அங்கே ஓட்டைகளை வளைத்துத்தான் போடுவார்களாம். பால்காரரில் தொடங்கி, எதிர்வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் வரை எல்லோரும் இதைக் கேட்டாகிவிட்டது. அவர் ஓய்வு பெற்றாலும் சட்டைப்பையில் இருக்கும் கதிர்வீச்சுமானி ஓய்வு பெறவில்லை.

என் மனைவி ரேவதிக்குத் தெருமுனை எக்ஸ்ரே நிலையத்தில் வரவேற்பாளர் வேலை. முழங்கால் வலி என்று ஒருநாள் அங்கே போன சார், ரேவதியின் நாற்காலிக்குப் பின்னால் போய் மண்டியிட்டார். முழங்கால் வலிக்காரர்! உள்ளே யாருக்கோ படம் எடுத்தபோது மானி கீச்சிட்டது. சுவரில் கேபிளுக்காகப் போட்ட நேர் ஓட்டை. காத்திருந்தவர்களை எல்லாம் எழுப்பி வாசலுக்கு அனுப்பிவிட்டார்.

கொதித்துப்போன உரிமையாளர், ரேவதியை இனி வரவேண்டாம் என்றார். நான் மாடிக்கு ஏறினேன்.

"உங்களால அவளுக்கு வேலையே போயிடுச்சு சார்."

"வேற வேல கெடைக்கும்பா. மாசமா இருக்கிற பொண்ணு, டெய்லி அந்த ஓட்டைக்கு நேராதான உக்காந்துக்கினு இருக்குது?"

வந்த வழியே படியிறங்கினேன்.

சார் சொன்னது பொய் என்று காட்டவே உரிமையாளர் ஒரு நிபுணரை வரவழைத்தார். கசிவு குறைவுதான், ஆனால் உண்மைதான். கர்ப்பிணி அங்கே உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார் அவர். ஓட்டையை ஈயத் தகடு மூடியது. நாற்காலி எதிர்ச்சுவருக்குப் போனது. உரிமையாளரே வீட்டுக்கு வந்து ரேவதியை அழைத்தார். அத்தோடு விட்டாரா சார்? தகட்டை மாட்டிய ஆணி ஓட்டை வழியாகக் கசியாதா என்று அங்கேயே அடுத்த சண்டையைத் தொடங்கினார்.

இப்போது சார் தன் மகள் வீட்டுக்குத் திருச்சி போயிருக்கிறார். எங்கள் கைக்குழந்தைக்கு வெயில் தாங்கவில்லை என்று ஏசி வாங்கினோம். குழாய்க்குச் சுவரில் துளை போட வந்த ஆளை, சார் ஊரிலிருந்து வந்ததும் கூப்பிடுகிறேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.