ஒரே காயலுக்கு இரண்டு வேன்

"நாலு பேரை ஒண்ணா உக்கார வெச்சு ஒரு கல்யாணம் பண்ணத் துப்பில்லாத குடும்பம். நீ துபாய்க்குப் போயி வெள்ளக்காரனுக்கு மீட்டிங் நடத்தப் போறியாக்கும்?"

இதைச் சொன்னவர் என் சித்தப்பா. சொன்ன இடம் வேதாரண்யம் பஸ் ஸ்டாண்ட். என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. கிளம்பத் தயாராக நின்ற திருத்துறைப்பூண்டி பஸ்ஸைப் பார்த்துச் சொன்னார். (பஸ் பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டது. நானும் அப்படியே.)

ஷார்ஜாவில் இருபது வருடமாக வெல்டர் வேலை பார்ப்பவர். லீவில் வந்தவர் தற்செயலாக என்னைப் பார்த்துவிட்டார். தற்செயலாக மட்டும்தான் நாங்கள் பார்த்துக்கொள்ள முடியும். ஏனென்றால் அப்பாவும் அவரும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. காரணம், அக்கா கல்யாணத்தில் வைத்த பிளெக்ஸ் போர்டு. அதில் சித்தப்பாவின் படம் அப்பாவின் படத்தைவிட இரண்டு அங்குலம் சிறியது. கடைக்காரர் செய்த தவறு. ஆனால் அளந்து பார்த்தவர் சித்தப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா உப்பளத் தொழிலாளி; கைநாட்டு. நான் எம்.பி.ஏ. சான்றிதழை லேமினேட் செய்து, மூன்று பிரதிகளோடு துபாய் வந்தேன். (இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.)

படித்தவள் என்பதால் வீட்டில் எனக்கு ஒரு பதவியும் உண்டு. சொந்தக்காரர்கள் விசேஷங்களில் அப்பாவும் சித்தப்பாவும் நேருக்கு நேர் வராமல் பார்த்துக்கொள்வது. அப்பா முதல் பந்தி, சித்தப்பா மூன்றாம் பந்தி. அப்பாவுக்குக் கிழக்கு வாசல், சித்தப்பாவுக்குச் சமையல்கட்டு வாசல். எல்லாம் எக்செல் ஷீட்டில் இருக்கும். நான்கு கல்யாணம், இரண்டு வளைகாப்பு, ஒரு சாவு. ஒன்றில்கூட இருவர் கண்ணும் சந்தித்ததில்லை. சாவு வீட்டுக்கு எக்செல் போட்டவள் நாகை ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்தத் திறமையோடுதான் துபாயில் ஒரு சின்ன ஈவண்ட் கம்பெனியில் சேர்ந்தேன். ஆறு மாதம் புரொபேஷன்.

அல் குசைஸில் ஆறு பேர் தங்கும் அறையில் எனக்கு ஒரு கட்டில். மற்ற ஐந்து பேருக்கும் வேறு வேறு டூட்டி நேரம். அவர்களில் இரண்டு பேரை எனக்கு முதுகை வைத்துத்தான் அடையாளம் தெரியும். நான் இருக்கும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜா பஸ் நிற்கும் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்று கரக் சாயா குடிப்பேன். சித்தப்பா இருந்தது அந்த பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம். ஏறியதில்லை. நான் அப்பா கட்சி.

ஐந்தாவது மாதம், மேனேஜர் ஸ்டீபன் சார் (நாகர்கோவில்காரர்) எனக்கு முதன்முதலாக ஒரு நிகழ்ச்சியைத் தனியாகக் கொடுத்தார். போலந்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனம், ஆறு பேர். ரஷ்யாவிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம், ஐந்து பேர். இரண்டு நாட்டுக்கும் நடுவே எல்லையில் ஒரு பெரிய காயல் இருக்கிறது. பாதித் தண்ணீர் இவர்களுக்கு, பாதி அவர்களுக்கு. அங்கே வரும் பறவைகளை இரண்டு பக்கமும் நின்று கணக்கெடுப்பவர்கள் இவர்கள். ஒரு நாட்டுக்காரர் மற்ற நாட்டுக்குள் போக முடியாத நிலைமை வந்துவிட்டதால், இரண்டு பேரும் வரக்கூடிய மூன்றாவது இடமாகத் துபாய்.

"மக்கா, நான் அபுதாபில ஒரு எக்ஸிபிஷன்ல மாட்டிக்கிட்டேன். நீயே பாத்துக்க. சண்டை சச்சரவு இல்லாம முடிஞ்சா போதும், கேட்டியா?"

எல்லா மேனேஜர்களும் எல்லா நிகழ்ச்சிக்கும் சொல்வதுதான். ஆனால் நான் படித்தவள் அல்லவா? யோசித்தேன்.

இரண்டு தரப்பும் எனக்குத் தனித்தனியாக மெயில் அனுப்பியிருந்தன. இரண்டிலும் ஒரே நிபந்தனைகள். பேனர் வேண்டாம். புகைப்படம் வேண்டாம். ஹோட்டல் வாசலில் பெயர்ப்பலகை வேண்டாம். அடக்கமாக நடக்க வேண்டும். செய்தியில் வேறு தினமும் அந்தப் பக்கத்துச் சண்டை. எனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது: பங்காளிப் பகை! இதற்கென்றே பிறந்தவள் நான்.

எக்செலைத் திறந்தேன். போலந்துக்கு நான்காம் மாடி, ரஷ்யாவுக்கு ஒன்பதாம் மாடி. காலைச் சாப்பாடு ஏழு மணிக்கு ஒரு கட்சி, எட்டரைக்கு மறு கட்சி. வேன் இரண்டு. சனிக்கிழமை காலை பறவை பார்க்க ராஸ் அல் கோர் சரணாலயம். அங்கே பூநாரைகள் நிற்கும் தண்ணீரைச் சுற்றி, ஒளிந்திருந்து பார்க்க மறைவிடங்கள் உண்டு. போலந்துக்கு ஒன்று, ரஷ்யாவுக்கு எதிர்க்கரையில் இன்னொன்று. மாலை நான்கு மணிக்கு மட்டும் கூட்டு மீட்டிங், நாற்பத்தைந்து நிமிடம், நடுவில் நான். ஞாயிறு காலை இரு கட்சிக்கும் விமானம்.

வெள்ளி மாலை போலந்துக்காரர்களை ஏர்போர்ட்டில் வரவேற்றேன். தலைவி ஹலீனா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வேனில் வரும்போதும் துணியில் சுற்றிய ஒரு ஜாடியை மடியிலேயே வைத்திருந்தார்.

"லூபா வந்துவிட்டாளா?" என்று கேட்டார். லூபா ரஷ்யக் கட்சித் தலைவி.

"வந்துவிட்டார். ஆனால் கவலைப்படாதீர்கள், மேடம்" என்றேன் பெருமையோடு. "நீங்கள் அவரைப் பார்க்கவே வேண்டியிருக்காது."

ஹலீனா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எவ்வளவு நிம்மதி பாவம் என்று நினைத்தேன்.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது ஒன்பதாம் மாடியிலும் இதே கேள்வி, இதே பதில். லூபா அம்மா "அப்படியா" என்று மட்டும் சொன்னார். தட்டில் பாதிக்கு மேல் மீதி வைத்தார். விமானக் களைப்பு என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. போலந்து வேனில் நான். டிரைவர் ராமநாதபுரம் முருகேசன் அண்ணன். ரஷ்ய வேனுக்கு குல்கான் என்ற பாகிஸ்தான் பட்டாணியர் டிரைவர். நல்ல குளிர்காலத்து வெயில். தண்ணீரில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக நின்றுகொண்டிருந்தன. (எங்கள் உப்பளத்துப் பக்கம் வருகிற அதே ஜாதிதான். அவற்றுக்கு விசா வேண்டாம்.) ஆறு பேரும் டெலஸ்கோப்பைப் பொருத்திக்கொண்டு வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார்கள்.

ஹலீனாவின் டெலஸ்கோப் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது. சட்டென்று நின்றது.

"லூபா" என்றார்.

நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். எதிர்க்கரை மறைவிடத்திலும் ஐந்து டெலஸ்கோப்புகள். ஐந்தும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பெண்மணி வெளியே வந்து ஒரு சிவப்புக் குடையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கினார். வெயிலுக்கு அல்ல. நேராக எங்களை நோக்கி, அசைக்காமல்.

ஹலீனா கழுத்துத் துணியை உருவி, டெலஸ்கோப்புக் காலில் ஒன்றைக் கழற்றி அதன் நுனியில் கட்டினார். தூக்கிப் பிடித்தார். போலந்துக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் சத்தமாக ஏதோ கத்தினார். பூநாரைகள் கலைந்தன.

கொடியேற்றியாகிவிட்டது, அடுத்தது கல்லெறிதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. போனை எடுத்தேன்.

"முருகேசண்ணே! பாத்துட்டாங்க! வண்டிய எடுங்க, சீக்கிரம்!"

"யாரு மேடம் பாத்துட்டாங்க?"

"அவுங்க இவுங்களப் பாத்துட்டாங்க!"

குல்கானுக்கும் போன் போட்டு, எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் பயன்படுத்தினேன். "பாய், ஜல்தி, ஜல்தி!" அறுபது வயதுக்காரர்கள் ஆறு பேரையும் கோழிகளை ஓட்டுவது போல ஓட்டி வேனில் ஏற்றினேன். ஒரு டெலஸ்கோப்பின் கால் இன்னும் கொடியாகவே இருந்தது. ஒரே காயலின் இரண்டு கரையிலிருந்து இரண்டு வேன்கள் இரண்டு திசையில் பறந்தன. சரியாக ஒன்பதாவது நிமிடத்தில் நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். ஸ்டீபன் சாருக்கு மெசேஜ் அனுப்ப வார்த்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி" என்றார் முருகேசன் அண்ணன், கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி. 'மேடம்' போய்விட்டது. "அந்த அம்மா அழுவுறாக."

"கோபத்துல இருக்கும்ண்ணே."

"கோவத்துல அழுவுறது எனக்குத் தெரியாதா? எனக்கும் பொண்டாட்டி இருக்கா. இது வேற." அவர் போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தார். "குல்கான். அந்த வேன்லயும் அழுகையாம். நீ என்னதான் பண்ணி வெச்சே?"

பின்னால் போய் ஹலீனா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் இரண்டுமே கால் உடைந்தவை. ஆனாலும் புரிந்தது. இருபது வருடமாக, கணக்கெடுப்பு முடிந்ததும் லூபா அவர் கரையில் குடையைத் தூக்குவார். ஹலீனா இவர் கரையில் துணியைத் தூக்குவார். முடிந்தது, கிளம்பலாம் என்று அர்த்தம். பிறகு யாராவது ஒருவர் எல்லையைத் தாண்டி மற்றவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். போக முடியாமல் ஆகிச் சில வருடம் ஆகிவிட்டது. கடிதமும் நின்றுபோனது. அவள் பேச விரும்பவில்லையோ என்று இவருக்குச் சந்தேகம். நேரில் கேட்டுவிடலாம் என்றுதான் வந்தார்.

"நேற்று நீ சொன்னாய். என்னைப் பார்க்கவே வேண்டாம் என்று லூபா சொல்லிவிட்டாள் என்று."

"நான் அப்படிச் சொல்லவில்லை, மேடம்."

"உன் தாளில் இருக்கிறதே. தனி மாடி, தனிச் சாப்பாடு. யார் கேட்டது? அவளா?"

கையிலிருந்த அட்டவணையைப் பார்த்தேன். யாருமே கேட்கவில்லை. பேனர் வேண்டாம் என்றது, படம் வெளியே போனால் ரஷ்யாவில் லூபாவுக்குத் தொல்லை வரும் என்பதால். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம் என்று இரண்டு மெயிலிலும் ஒரு வரி இல்லை. அந்த வரியை எழுதியவள் நான். அதை எக்செலில் போட்டு, கலர் அடித்து, பதினொரு பிரதி எடுத்து, இரண்டு பக்கமும் கொடுத்து, மற்றவர் தன்னை வெறுக்கிறார் என்று இரண்டு பெண்களையும் ஒரு ராத்திரி முழுக்க நம்பவைத்திருந்தேன்.

"நான்தான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எம்.பி.ஏ. தேவைப்படவில்லை.

ஹலீனா என்னைத் திட்டவில்லை. முருகேசன் அண்ணன் திட்டினார், இரண்டு பேருக்கும் சேர்த்து. திட்டிக்கொண்டே குல்கானுக்கு போன் போட்டு, ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்து டீக்கடைக்கு வரச் சொன்னார்.

எதிரெதிரே நின்ற வேன்களிலிருந்து இரண்டு பேரும் இறங்கியதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. நான் அதைப் பார்க்கத் தகுதியில்லாதவள் என்று டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். ஜாடி திறக்கப்பட்டது, காளான் ஊறுகாய். கரக் சாயாவுக்குத் தொட்டுக்கொண்டார்கள். ஹோட்டலில் நான் மைக், புரொஜெக்டர், பதினொரு நோட்டுப் புத்தகத்தோடு தயாராக வைத்திருந்த ஹால் அன்று முழுவதும் காலியாகக் கிடந்தது. மீட்டிங் அந்த டீக்கடையில்தான் நடந்தது.

என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசி மேஜையில் அட்டவணையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒன்றாக உட்கார்ந்தவர்களுக்கு நடுவில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பிரித்து வைக்க மட்டுமே பழகியிருக்கிறேன்.

அரை மணி நேரத்தில் பயங்கரச் சண்டை வெடித்தது. காயல் நடுவில் தூங்கும் அன்னக் கூட்டத்தை இரண்டு பக்கமும் தங்கள் கணக்கில் சேர்த்திருந்தார்களாம். லூபா மேஜையைத் தட்டினார். ஹலீனா எழுந்தே நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து ஸ்டீபன் சார் போன்.

"என்ன மக்கா, சண்டை ஒண்ணும் இல்லியே? பின்னால என்ன சத்தம்?"

"இப்பதான் சார் சண்டை ஆரம்பிச்சிருக்கு" என்றேன். "நல்லா போகுது."

புரொபேஷன் மூன்று மாதம் நீண்டது, வேலை போகவில்லை. ஹலீனா கருத்துப் படிவத்தில், ஏற்பாடுகள் எப்படி என்ற இடத்தில் 'தேவைக்கு மேல்' என்று எழுதிவிட்டுப் போனார். அன்று முதல் ஆபீசில் யார் இரண்டு பேர் முறைத்துக்கொண்டாலும் ஸ்டீபன் சார், "சுகன்யாகிட்ட சொல்லுங்கடே, ரெண்டு வேன் போடுவா" என்கிறார்.

அவர்களை ஏர்போர்ட்டில் விட்ட ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான டீக்கடையில் நின்றபோது அப்பாவின் ஒரு கேள்வி ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கல்யாணத்திலும், முதல் பந்தி முடித்து நான் அவரை வேகமாக வெளியே கூட்டிப் போகும்போது கேட்பார்: "அவன் வந்துட்டானா?" நானும் ஒவ்வொரு முறையும் பெருமையாகச் சொல்வேன்: "கவலைப்படாதீங்கப்பா, நீங்க பாக்கவே வேண்டியிருக்காது." அப்பா தலையைத் திருப்பிக்கொள்வார். நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டிலும் பிரித்து வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

டீயை அப்படியே வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடி ஷார்ஜா பஸ்ஸில் ஏறினேன்.

சித்தப்பா அறைக் கதவைத் திறந்து, என்னைப் பார்க்காமல் உள்ளே ஓடிய டிவியைப் பார்த்து, "என்னா, வெள்ளக்காரன் மீட்டிங் முடிஞ்சிதா?" என்றார். முழுக் கதையையும் சொன்னேன். கொடியேற்றத்தில் சிரிக்க ஆரம்பித்தவர் புரையேறி நிறுத்தினார். அறையில் இருந்த எட்டுப் பேருக்கும் மறுபடி சொல்லவைத்தார். கிளம்பும்போது, டிவியைப் பார்த்தபடியே, "ஒங்கப்பன் சக்கரை மாத்திரை ஒழுங்கா போடுறானா?" என்றார்.

அந்த வாரமே கதை வேதாரண்யம் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் யார் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தாலும் இப்போது, "ரெண்டு வேன் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். அம்மா என்னிடம் சொல்லும்போது அப்பா பின்னாலிருந்து சிரித்தது போனில் கேட்டது. ஆனால் இருவரும் இன்னும் பேசவில்லை.

அடுத்த மாதம் அக்கா மகனுக்குக் காதுகுத்து. சித்தப்பாவுக்கும் அப்போதுதான் லீவு. ஏற்பாடு வழக்கம்போல என் பொறுப்பு. இந்த முறை எக்செல் இல்லை. ஒரு வேன், ஒரு பந்தி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இலை. நேற்று பிளெக்ஸ் கடைக்காரர் மாதிரிப் படம் அனுப்பி, அடிச்சிடலாமா என்று கேட்டார். கட்டிலில் உட்கார்ந்து, போன் திரையில் ஸ்கேல் வைத்து இரண்டு படங்களையும் அளந்தேன். அப்பா மூன்று சென்டிமீட்டர். சித்தப்பா மூன்று சென்டிமீட்டர்.

"அடிங்கண்ணே" என்று அனுப்பிவிட்டேன்.