ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு பக்தர்

"அக்கா, இந்த போனைக் கொஞ்ச நேரம் வச்சிருக்கீங்களா? நான் வந்து…"

குணாளன் காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள், கோயில் வாசலில் பூ விற்கும் வெள்ளையம்மா ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"இதுல போடுங்க தம்பி. சத்தத்தை அடைச்சிட்டுப் போடுங்க."

ஒரு கேள்வி கேட்கவில்லையே, நல்ல மனுஷி என்று நினைத்தபடி மோட்டார் சைக்கிளை முடுக்கினான்.

அன்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. மாசாய் ஊரில் அவன் குடியிருக்கும் தாமானைச் சேர்ந்த ஐந்து குடும்பங்கள், மாதம் முழுக்கச் சைவம் என்று சபதம் எடுத்திருந்தன. சபதத்துக்குக் காவலாக ஒரு வாட்ஸ்அப் குழு. எல்லாரும் தங்கள் லைவ் லொக்கேஷனை அதில் பகிர வேண்டும். யாருடைய புள்ளி கறிக்கடைப் பக்கம் நிற்கிறதோ, அவர் கடைசிச் சனிக்கிழமை அன்னதான அண்டாக்களைக் கழுவ வேண்டும்.

போன வருடம் கழுவியவன் குணாளன். குழுத் தலைவன் அர்ச்சுனன் அதைப் படம் எடுத்துப் போட்டதில், குணாளனின் மனைவி ரூபினி ஒரு மாதம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. இந்த வருடம் அவளே குழுவில் எழுதிவிட்டாள்: "என் வீட்டுக்காரர் தவறினா, அண்டாவை நான் கழுவுறேன்."

அவளுக்கென்ன, புண்ணியவதி. வேலை முடிந்து வாரத்தில் மூன்று மாலை அவள் புள்ளி கோயிலிலேயே நின்றது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் குணாளனுக்கு இந்த யோசனை வந்தது. புள்ளி கோயிலில் இருந்தால் போதாதா?

பத்தே நிமிடத்தில் சாலையோரக் கடையில் மீன் தலைக் கறி அவன் முன்னால் கொதித்துக்கொண்டிருந்தது. கன்னத்துச் சதையைப் பிட்டு வாயில் போட்டபோது அவனுக்குக் கண் கலங்கியது. சாதம் இரண்டு முறை வாங்கினான். எலுமிச்சையால் கை கழுவி, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு அவன் திரும்பியபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

டப்பாவைத் திறந்தான். ரூபினியிடமிருந்து பதினான்கு அழைப்புகள். கையில் எடுத்ததும் பதினைந்தாவது வந்தது.

"ஏங்க, எவ்வளவு நேரமா அங்கேயே நிக்கிறீங்க? மயக்கம் கியக்கமா?"

"சேச்சே, இல்லலா. சுத்திட்டிருக்கேன்."

"என்னத்த?"

"கோயிலைத்தான். நூத்தெட்டுச் சுத்து. வேண்டுதல்."

"எத்தனை ஆச்சு?"

"நாப்பது" என்றான், ரொம்ப ஆசைப்படாமல்.

மறுமுனையில் ரூபினியின் குரல் இளகி வந்தது. "எனக்காகவா?"

"ம்."

அத்தோடு விட்டிருக்கலாம். இரண்டே நிமிடத்தில் குழுவில் அவள் செய்தி வந்தது: "என் வீட்டுக்காரர் ஒன்றரை மணி நேரமாகக் கோயிலைச் சுற்றுகிறார்." கீழே அர்ச்சுனன்: "குணா, உன்னைத் தப்பா நினைச்சிட்டேன். நேர்ல வந்து கும்பிடறேன்."

"அலமாக்" என்று தலையில் அடித்துக்கொண்டான் குணாளன்.

அவசரமாகச் செருப்பைக் கழற்றினான். பெருமாளே, இந்த வயிற்றோடு உன் முன்னால் வர எனக்கு எண்ணமே இல்லை, போனை எடுத்துப் போக வந்தவன் நான், என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு வெளிப்பிரகாரத்தில் நடக்கத் தொடங்கினான். முதல் சுற்று முடியுமுன் அர்ச்சுனன் வந்தான். அவன் பின்னாலேயே ரூபினி.

"நீ எண்ணாத, களைச்சிருப்ப. நான் எண்ணுறேன்" என்றான் அர்ச்சுனன். "நாப்பத்தொண்ணு."

ஐம்பதாவது சுற்றில் மீன் தலை வயிற்றில் புரண்டது. அறுபதில் ஏப்பம் வந்தது. குணாளன் அதை "கோவிந்தா" என்று சொல்லி மறைத்தான்.

"கோவிந்தா" என்று உருகினான் அர்ச்சுனன். "வேகமா நட, குணா. வேர்க்குது பாரு, அதான் பக்தி."

எழுபதாவது சுற்றில் ரூபினி அவன் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். தண்ணீர் போத்தலை நீட்டினாள். அவன் குடித்ததும் துப்பட்டா நுனியால் அவன் நெற்றியைத் துடைத்தாள். கல்யாணமான புதிதில் அப்படித் துடைத்ததோடு சரி.

"நான்கூட இவ்வளவு செஞ்சதில்லைங்க" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அதுதான் அவனைக் குத்தியது. அண்டா கழுவுவது பெரிதில்லை. இந்த முகத்திடம் எப்படிப் பொய் சொல்லிக்கொண்டே இருப்பது?

"நூத்தெட்டு" என்று அர்ச்சுனன் கை தட்டினான். குணாளனைக் கட்டிப் பிடித்துவிட்டு, தேங்காய் வாங்கிவர ஓடினான்.

குணாளன் தள்ளாடி வாசலுக்கு வந்தான். ரூபினி அவன் கையைப் பிடித்திருந்தாள். சொல்லிவிட வேண்டியதுதான்.

"ரூபினி, நான் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத…"

பூக்கூடைக்குப் பின்னாலிருந்து வெள்ளையம்மா தலையை நீட்டினாள்.

"ஏம்மா ரூபினி, இன்னிக்கு உன் நாள் இல்லியேன்னு உன்னோட டப்பாவை இந்தத் தம்பிக்குக் கொடுத்துட்டேன். நீ சாப்பிடப் போற புதன்கிழமைக்குக் காலியாத்தான் இருக்கும், கவலைப்படாத."